குளத்துத் தண்ணீர் பாதுகாப்பானது என்றால், எந்த நாளில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பவானி ஆற்றின் உபரி நீரைப் பம்பு வைத்துக் குளங்களுக்குக் கொண்டுவருகிற அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் நிரம்பிய எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றின் தண்ணீரைப் பரிசோதித்ததில் கிருமிகள் வரம்புக்குள்தான் இருப்பதாகச் சென்ற வாரம் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் மாதிரி எடுத்த தேதி அதில் இல்லை. எத்தனை மணிக்கு எடுத்தார்கள், அதற்கு முந்தி மழை எப்போது பெய்தது, குளத்தின் எந்த ஓரத்தில் பாட்டிலை முக்கினார்கள் என்பதும் இல்லை. எந்த வரம்பு என்றும் சொல்லவில்லை. குளிக்கிற தண்ணீருக்கு 100 மில்லியில் மலக் கோலிபார்ம் என்ற குடல் கிருமி 500க்குள் இருப்பது நல்லது, 2,500ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். குடிக்கிற தண்ணீர் என்றால் 100 மில்லியில் அந்த வகையைச் சேர்ந்த ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது. இதெல்லாம் தெரியாமல் ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் என்று பிளீச்சிங் பவுடரைக் கணக்குப் பார்த்து மேல்நிலைத் தொட்டியில் கரைக்க வைப்பதும், தெருக் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரின் அளக்கிற குளோரோஸ்கோப்பில் மஞ்சள் வருகிறதா என்று பார்ப்பதும்தான் என் பிழைப்பாக இருந்தது. மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கிருமிப் பரிசோதனைக்கான தண்ணீரை, நீராவியில் சுத்தம் செய்த பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் பாட்டிலுக்குள்ளேயே எண்ணிக்கை மாறிவிடும். ஆய்வகம் சாயங்காலம் மூடிவிடும், சனி ஞாயிறு விடுமுறை. ஆகவே யாராக இருந்தாலும் வாரநாளாகப் பார்த்து, காலை வெயிலில், வண்டி போகிற கரையோரம் நின்றுதான் எடுப்பார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஐப்பசி மாதத்து ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டுகிற மழையில் பள்ளத்தில், அதாவது ஓடையில், இறங்கி மாதிரி எடுத்து வா என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் மலக்கிருமி குளத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நம் பதிவேடுகளில் இருப்பது முக்கால்வாசியும் நல்ல நாட்களின் கணக்கு.

மழை இல்லாத மாதங்களில் நிலத்தின் மேல் என்னவெல்லாம் சேர்கிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குழி, காட்டில் அடித்துப் பரப்பிய எரு, பல்லடம் பக்கமிருந்து லாரியில் வருகிற கோழி எரு, பட்டி போட்ட இடத்தில் ஆட்டுப் புழுக்கை, அப்புறம் இருட்டினதும் பள்ளத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிற செப்டிக் டேங்க் லாரி. காய்ந்து கிடக்கும் வரை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். முதல் பெருமழையில் எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாக வரும். பள்ளத்தின் அடிச்சேற்றில் படிந்திருந்ததையும் வெள்ளம் கலக்கிவிடும். ஓடுகிற தண்ணீரில் இருப்பதைவிடச் சேற்றுக்குள் இந்தக் கிருமிகள் அதிக நாள் தாக்குப்பிடிக்கும், வெயில் அங்கே எட்டாது. புதுமழைக்குப் பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வேகமாகத் தீரும் என்பது வேலையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பதிவேட்டையும் மழைப் பதிவேட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற வழக்கம்தான் இல்லை.

இந்த ஓட்டத்தை ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் கணக்காகப் போட்டுப் பார்க்கிற கணினி மாடல்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக டெக்சாஸ் மாநிலத்து டெம்பிள் நகரில் ஜெஃப் ஆர்னால்டும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் செய்த ‘ஸ்வாட்’ அதில் பேர் போனது. இலவசமாகவே கிடைக்கிறது. என் மகள் வயிற்றுப் பேத்தி சுற்றுச்சூழல் பொறியியலில் மேற்படிப்பு படிக்கிறாள், அவள் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டித்தான் எனக்கு விளங்கியது. நிலத்தின் மேடுபள்ளம், மண் வகை, எங்கே காடு, எங்கே தோட்டம், எங்கே ஊர், தினசரி மழை, வெப்பம் எல்லாம் கொடுத்தால் தண்ணீர் ஓடுகிற பாதையை அதுவே வரைந்துகொள்கிறது. அதன்மேல் எந்த நிலத்தில் எந்த மாதம் எவ்வளவு எரு போட்டார்கள், எத்தனை உருப்படி மேய்கிறது என்று சேர்க்க வேண்டும். எருவில் உள்ள கிருமியில் ஒரு பங்கு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு பங்கு மண்ணின் ஈரத்தில் நிற்கும். தினமும் கொஞ்சம் சாகும், மழை வந்தால் கொஞ்சம் ஓடும். சீக்கிரம் சாகிற வகை, தாக்குப்பிடிக்கிற வகை என்று இரண்டு கணக்கைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. கடைசியில், இன்ன மழைக்கு இன்ன இடத்தில் இவ்வளவு என்று ஒரு வரைபடம்.

அதில் எனக்குப் பிடித்தது சாவுக் கணக்கு. வெறும் கால்குலேட்டரிலேயே போடலாம். ஆற்றுத் தண்ணீரில் கோலிபார்ம் சாகிற வீதம் 20 டிகிரி வெப்பத்தில் நாளொன்றுக்கு 0.8, ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் அது 7 சதவீதம் கூடும் என்பது பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் கணக்கு. நம் ஊர் 30 டிகிரியில் வீதம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். மிஞ்சியதிலிருந்தே மறுபடி மறுபடி கழிகிற கணக்கு இது, ஆகவே நூறு கிருமியில் ஒரு நாள் கழித்து மிஞ்சுவது இருபது சொச்சம். இனி, ஊர்ச் சாக்கடை கலக்கிற இடத்திலிருந்து குளத்து வாய்க்கு 10 கிலோமீட்டர் என்று வையுங்கள். கோடையில் விநாடிக்கு 5 சென்டிமீட்டர் என்று நகர்கிற தண்ணீர் வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும், நூறில் மூன்றுகூட உயிரோடு வராது. மழைக்காலத்தில் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் ஐந்தரை மணி நேரம்தான், நூறில் எழுபது வந்து சேரும். கலங்கல் தண்ணீரில் வெயில் ஊடுருவாது, வெப்பமும் குறைவு, ஆகவே உண்மையில் இன்னும் கூடத்தான் வரும். அதே பள்ளம், அதே சாக்கடை. காலை வெயிலில் முக்கியெடுத்த பாட்டிலுக்கு இது எப்படித் தெரியும்?

சரி, பவானிக்கு வருவோம். மேட்டுப்பாளையத்தில் கலக்கிற சாக்கடையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் கிருமிக் கணக்கில் பார்த்தால் அதற்கும் நமக்கும் நடுவில் 32.8 டி.எம்.சி. கொள்கிற பவானிசாகர் இருக்கிறது. அவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தில் நாள்கணக்கில் நிற்கும்போது கிருமி படியும், வெயிலில் சாகும். கோபி, சத்தி, கொடிவேரிப் பாசன வயல்களிலிருந்து வடிகிற கசிவுநீர், அணைக்குக் கீழே உள்ள ஊர்களின் சாக்கடை இவையெல்லாம் அந்த நிறுத்தமே இல்லாமல் நேராகக் காலிங்கராயன் அணைக்கட்டுக்கு வந்துவிடும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தண்ணீர் எடுப்பது அந்த அணைக்கட்டுக்குக் கீழேதான். எந்த ஊருக்கு முதலில் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று கேட்டால், ஊரின் அளவைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஊருக்கும் பம்புக்கும் நடுவில் தண்ணீர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று. இந்தத் திட்டம் உபரி நீரை நம்பியது. விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள், மொத்தம் ஒன்றரை டி.எம்.சி., அதை 1,045 நீர்நிலைகளுக்கு ஏற்றுவது என்பதுதான் ஏற்பாடு. 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி தொடங்கிவைத்தபோது எங்கள் ஊரிலும் வெடி வெடித்தோம். பரம்பரையாகக் கேட்ட தண்ணீர், வந்ததில் எனக்கும் கண் கலங்கியது, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் உபரி என்பது மழை பெய்து ஆறு பெருகுகிற நாட்களில் வருவது. பள்ளங்கள் கழுவி இறங்குகிற நாட்களும் அவையேதான். கூரையில் விழுகிற முதல் மழைத் தண்ணீரை யாரும் தொட்டிக்குள் விடுவதில்லை, கொஞ்ச நேரம் வெளியே போகவிட்டுத்தான் திருப்புகிறோம். பவானி பம்புக்கும் அப்படி ஒரு ‘கொஞ்ச நேரம்’ இருந்தால், அது அரை நாளா ஒன்றரை நாளா, எவ்வளவு மழைக்கு எவ்வளவு என்பதைச் சொல்லக்கூடியது மாடல்தான். ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போட்டால் திட்டத்துக்கு என்ன நட்டம் என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

மாடல் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மென்பொருள் மேடுபள்ளத்தைப் பார்த்துத்தான் நீர்ப்பிடிப்பு எல்லையை வரைகிறது. இங்கே தண்ணீர் பம்பு வைத்து மேட்டைத் தாண்டி வருகிறது. நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் என்று நிலையம் நிலையமாக ஏற்றிக் கொண்டுவந்து, வேறு ஒரு பள்ளத்தின் தலைமாட்டிலுள்ள குளத்தில் விடுகிறோம். நொய்யல் பக்கத்துக் குளத்தில் பவானிக் கிருமி எப்படி வந்தது என்று கணினிக்குப் புரியாது, நாம்தான் ஒவ்வொரு குழாய் வாயையும் தனியாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். செயற்கைக்கோள் மேடுபள்ளப் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர். வேலிகளுக்கு நடுவே போகிற நம் இட்டேரிப் பாதை அதில் தெரியவே தெரியாது. ஆனால் பெருமழையில் இட்டேரிதான் ஓடை. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் முழங்கால் ஆழம் தண்ணீர், தோட்டத்துச் சாளையிலிருந்து வழிகிற மாட்டு மூத்திரம் முதற்கொண்டு அதில்தான் போகும். கீழ்பவானி வாய்க்காலுக்கு அடியில் எங்கே மதகு இருக்கிறது, புறவழிச்சாலை போட்டபோது எந்தப் பள்ளத்தைத் திருப்பினார்கள் என்பதெல்லாம் அந்தந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். பேத்தியே சொன்னாள்: “அப்பிச்சி, மேடு எங்கே பள்ளம் எங்கேன்னு இதுக்குத் தெரியுங்க. யாரு வீட்டு செப்டிக் டேங்க் பள்ளத்துக்குத் திறந்திருக்குன்னு உங்களைத்தான் கேக்கோணும்.” கேட்டாள், சொன்னேன். அதையெல்லாம் பத்திரிகையில் எழுதினால் ஊரில் இருக்க முடியாது.

கால்நடைக் கணக்கிலும் ஒரு விஷயம். மாட்டைத்தான் முதலில் குறை சொல்வார்கள். பாடப்புத்தக அட்டவணைப்படி ஒரு மாடு ஒரு நாளைக்கு வெளியேற்றுகிற மலக் கோலிபார்ம் சுமார் 540 கோடி, ஒரு செம்மறி ஆடு சுமார் 1,800 கோடி, மனிதர் 200 கோடி, கோழி 24 கோடி. மாட்டுச் சாணி மூட்டைக்கணக்கில் விழுந்தாலும் கிராமுக்கு எண்ணிக்கை குறைவு. இவை அமெரிக்காவில் எண்ணியவை. நம் மேச்சேரி ஆட்டுக்கும் காங்கேயம் மாட்டுக்கும் நம் ஆய்வகம் எண்ணிப் பார்க்க வேண்டும், அது ஒன்றும் பெரிய செலவில்லை. அதற்காக ஆட்டுக்காரர்மேல் பாய வேண்டாம். காங்கேயம், மூலனூர் பக்கத்துக் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஏக்கருக்கு ஆடும் குறைவு. அங்கே விழுந்த புழுக்கை பள்ளத்தை எட்டுவது அரிது. பள்ளத்தோரம் வெறும் தரையில் பட்டி போட்டால் கதை வேறு. தவிர, எண்ணிக்கை கூடுதல் என்பதாலேயே ஆபத்தும் கூடுதல் என்றாகாது. காலராவும் டைபாய்டும் மனித மலத்திலிருந்து வருபவை. ஆகவே எண்ணிக்கையில் சின்னதாகத் தெரிகிற அந்த ராத்திரி செப்டிக் டேங்க் லாரிதான் என் கணக்கில் முதல் குற்றவாளி.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூர். 2000 மே மாதம் பெருமழையில் பக்கத்துப் பண்ணையின் மாட்டெரு ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். நீதிபதி ஓகானர் விசாரித்ததில், பண்ணைக்காரர் முறைப்படிதான் எருவைக் கையாண்டார், அவர்மேல் தவறில்லை என்றுதான் வந்தது. குளோரினைச் சரியாகக் கண்காணிக்காததும் கிணறு இருந்த இடமும்தான் சிக்கல். அதன்பின் 2006இல் அந்த மாநிலம் ஒரு சட்டமே போட்டு, நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாகக் குடிநீர் ஆதாரத்தைக் காக்கத் திட்டம் எழுத வைத்தது. நம் குளங்கள் குடிநீர்க் குளங்கள் இல்லை, நிலத்தடி நீருக்காக நிரப்புகிறோம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். குளத்துக்குக் கீழே உள்ள திறந்த கிணறுகளிலிருந்து குடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண் கிருமியை வடிகட்டும், உண்மை. நம்முடையது மேலே கொஞ்சம் செம்மண், கீழே பாறை. பாறை வெடிப்பில் இறங்கிய தண்ணீருக்கு வடிகட்டி ஏது?

கணினி சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கிருமி மாடல்கள் பத்து மடங்கு கூட்டியோ குறைத்தோ சொல்வது சகஜம். நம்மைப் போன்ற வெப்ப நாட்டு மண்ணில் ஈ.கோலை சாகாமல் பெருகக்கூடச் செய்யும், ஹவாய் தீவுகளில் அதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே மேலே நான் போட்ட சாவுக் கணக்கையும் அப்படியே நம்பக் கூடாது, இங்கே எண்ணிப் பார்த்துத் திருத்த வேண்டும். ஆனால் நமக்கு வேண்டியது பைசா சுத்தமான எண் இல்லையே. 1,045இல் எந்த ஐம்பதை முதலில் பார்க்க வேண்டும், எந்த மழைக்குப் பிறகு எத்தனை நாள் மாடு குளிப்பாட்டவும் பிள்ளைகள் இறங்கவும் வேண்டாம் என்று தண்டோரா போட வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதற்குப் பத்து மடங்குப் பிழை உள்ள கணக்கும் உதவும்.

இந்தப் பக்கம் சாயக்கழிவுத் தண்ணீருக்கு எதிராக எவ்வளவு போராடினோம்! நொய்யல் ஆற்று ஒரத்துப்பாளையம் அணையில் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற வரை போனது. கிருமிக்கு நிறமில்லை. மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் என்று 2018இல் மத்திய வாரியம் பட்டியல் போட்டதில் பவானியும் இருந்தது, ஆனால் அந்தப் பட்டியல் பி.ஓ.டி. என்ற ஆக்சிஜன் தேவையை வைத்துப் போட்டது. கிருமியை வைத்துத் தரம் பிரித்தால் வரிசை மாறலாம்.

செய்ய வேண்டியது பெரிதில்லை. இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் பத்துப் பதினைந்து குளங்களைப் பொறுக்கி, தண்ணீர் உள்ளே வருகிற வாயில், மழை ஓடிக்கொண்டிருக்கும்போதே சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாதிரி எடுக்க வேண்டும். பவானி பம்பிலும் அப்படியே. ஈரோடு, கோவை பொறியியல் கல்லூரிகளில் மாடல் ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திருத்திப் பார்க்க எண் இல்லாததுதான் குறை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்கள் என்று தண்ணீர் பரிசோதிக்கப் பழக்கியிருக்கிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு குப்பி அவர்கள் கையில் இருக்கிறது. தண்ணீரை ஊற்றி வைத்துக் கறுத்தால் மலக்கலப்பு, எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறதோ அவ்வளவு மோசம். குவாலியர் ராணுவ ஆய்வகத்தில் மஞ்சாவும் கூட்டாளிகளும் 1982இல் வெளியிட்ட முறை, ஐஸ் பெட்டியும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். அந்தப் பெண்களுக்கு இப்போது குழாய்த் தண்ணீர் மட்டும்தான் வேலை. குளத்து வாய்க்கும் நாலு குப்பி கூடுதலாகக் கொடுத்து, நாள் நேரத்தோடு எழுதி வாங்கலாம். ராத்திரி மழையில் இறங்கச் சொன்னால் அதற்கு முறையாகப் படி கொடுக்க வேண்டும், வெறும் பாராட்டுச் சான்றிதழ் ஆகாது.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தண்ணீர் பரிசோதனைச் செய்தி போடும்போது, மாதிரி எடுத்த நாள், மணி, கடைசி மழை பெய்து எத்தனை நாள், எதற்கான வரம்பு என்ற நான்கையும் கேட்டு எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். எங்கள் ஊர்க் குளத்து வாயில் மழை ராத்திரி நின்று மாதிரி எடுக்க நானே தயார், பழைய ஐஸ் பெட்டி வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வாங்கிக்கொள்ள ஆய்வகத்தில் ஒரு ஆள் இருப்பாரா என்று மட்டும் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
நம்பியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்.